பூசியது தெரியாமல் பூசுவது எப்படி?

வாசகர் கேள்விகள், நிபுணர் பதில்கள்

இந்த இதழில் எளிய, இயல்பான ஒப்பனை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: காலையில் மேக்கப்புக்கு 10 நிமிடம்தான் ஒதுக்க முடிகிறது. போட்டதே தெரியக்கூடாது, ஆனால் முகம் தெளிவாக இருக்க வேண்டும். எதை, எந்த வரிசையில், எவ்வளவு பூசுவது?

பதில்: மேக்கப் திட்டுத் திட்டாகத் தெரிகிறதென்றால் பெரும்பாலும் அது பொருளின் குற்றமல்ல. அளவு கூடியிருக்கும், அல்லது தேவையில்லாத இடத்திலும் பூசியிருப்பீர்கள். யாருடைய முகத்திலும் பாதிக்கு மேல் தோல் நன்றாகவே இருக்கும். அந்தத் தோலை மூடாமல் விட்டுவிட்டு, மற்ற இடங்களை மட்டும் அதற்கு இணையாகக் கொண்டுவந்தால் போதும்.

முகம் கழுவியதும் துண்டால் ஒற்றி, லேசான ஈரம் இருக்கும்போதே பட்டாணி அளவு மாய்ஸ்சரைசர் தடவுங்கள். எண்ணெய்ப் பசை அதிகமானால் ஜெல் வகை, வறண்ட சருமமானால் க்ரீம் வகை. உதட்டுக்கு லிப் பாமையும் இப்போதே பூசிவிடுங்கள். அது ஊற நேரம் வேண்டும். 2 அல்லது 3 நிமிடம் கழித்து சன்ஸ்க்ரீன். ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு கோடு, நடுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். அது படிய 10 நிமிடம் கொடுங்கள். அந்த நேரத்தில் தலை வாரலாம், உடை மாற்றலாம். உங்கள் 10 நிமிடக் கணக்கு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். குளியலறையின் மஞ்சள் விளக்கில் நிறம் குறைவாகத் தெரியும். கை தானாகக் கூடுதலாக எடுத்துவிடும். தோலின் நிறத்தைச் சீராக்கும் ஸ்கின் டின்ட், பிபி க்ரீம், லேசான ஃபவுண்டேஷன் இவற்றில் ஏதாவது ஒன்றில் பட்டாணி அளவு எடுத்துப் புறங்கையில் வையுங்கள். மூக்கின் இரு பக்கம், கன்னத்தின் உட்பகுதி, வாயைச் சுற்றி, நெற்றியின் நடு ஆகிய இடங்களில் சிறு புள்ளிகளாக வைத்து வெளிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போங்கள். காதுக்கும் தலைமுடி ஓரத்துக்கும் வரும்போது விரலிலோ ஸ்பாஞ்சிலோ ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. ஒப்பனையைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் முகத்தின் ஓரங்கள்தான். ஸ்பாஞ்ச் என்றால் நனைத்து, துண்டுக்குள் வைத்துப் பிழிந்த பிறகு பயன்படுத்துங்கள். உலர்ந்த ஸ்பாஞ்ச் க்ரீமைக் குடித்துவிடும், கோடும் போடும். இழுத்துத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுங்கள்.

கறையையும் கருமையையும் மறைக்கும் கன்சீலர் இதற்கு அடுத்ததாக வரட்டும். முதலிலேயே போட்டால் ஃபவுண்டேஷனைத் தட்டும்போது பாதி கலைந்துவிடும். ஃபவுண்டேஷன் போட்ட பிறகு பார்த்தால் முன்பு மூட நினைத்ததில் பாதிக்கு கன்சீலரே தேவைப்படாது. மிஞ்சிய இடங்களில் மட்டும் அரிசி மணி அளவு.

அடுத்து கன்னத்துக்குச் செம்மை தரும் க்ரீம் பிளஷ். சிரித்துப் பார்த்தால் கன்னம் மேடாகும் அல்லவா? அந்த மேட்டுக்கு ஒரு விரல் அகலம் மேலே, கருவிழிக்கு நேர்க்கீழ்க் கோட்டைத் தாண்டி மூக்குப் பக்கம் வராமல், இரண்டு புள்ளி. மோதிர விரலால் காது நோக்கி மேல்புறமாகத் தட்டுங்கள். மூக்குக்கு மிக அருகில் வந்தால் சளி பிடித்தது போலவும், கீழே இறங்கினால் முகம் தொங்கியது போலவும் தெரியும். ஃபவுண்டேஷன் தட்டிய அதே ஸ்பாஞ்சை அதன் மேல் ஒரு முறை ஒற்றினால் ஓரம் மறைந்துவிடும்.

பவுடர் முகம் முழுக்க வேண்டாம். மூக்கின் ஓரங்கள், நெற்றியின் நடு, மோவாய் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் பஃபால் அழுத்தி எடுங்கள். கன்னத்தை விட்டுவிடுங்கள், தோலின் இயல்பான மினுமினுப்பு அங்கேதான் தெரிய வேண்டும். க்ரீம் வகைகள் எல்லாம் முதலில், பவுடர் வகைகள் எல்லாம் பிறகு என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பவுடரின் மேல் க்ரீம் பூசினால் உடனே திட்டுத் திட்டாக நிற்கும்.

புருவத்தை முதலில் சுருள் பிரஷால் மேல்நோக்கிச் சீவுங்கள். எங்கே இடைவெளி என்று அப்போதுதான் தெரியும். கூந்தல் கறுப்பாக இருந்தாலும் பென்சில் அடர் பழுப்பாக இருக்கட்டும். கறுப்புப் பென்சில் முகத்துக்குக் கோபக் களை தந்துவிடும். செம்பட்டை கலந்த பழுப்பும் வேண்டாம். முடி வளரும் திசையில் சிறு சிறு கீறல்களாக, வளைவிலிருந்து வால் வரை முதலில் வரையுங்கள். மூக்குப் பக்கத்துத் தொடக்கத்தைக் கடைசியாக, பென்சிலில் இருக்கும் மிச்சத்தாலேயே தொட்டால் போதும். மேலிமைக்கு மட்டும் ஒரு பூச்சு மஸ்காரா, உதட்டில் லிப்ஸ்டிக் ஒரு தடவல். பிறகு கண்ணாடியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று பாருங்கள். பிறர் உங்களைப் பார்ப்பது அந்தத் தூரத்திலிருந்துதான். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்துப் பூசினால் யாருக்குமே தெரியாத துளைகளை மூடப் போய் முகமே முகமூடி ஆகிவிடும்.

கேள்வி: ஃபவுண்டேஷன் போட்டால் முகம் சாம்பல் பூத்தது போல ஆகிவிடுகிறது. நான் கறுப்பு நிறம். என்னைப் போன்றவர்களுக்கு மேக்கப் ஒத்துவராதா?

பதில்: நன்றாக ஒத்துவரும். உங்களுக்கு விற்கப்பட்ட ஷேடுதான் ஒத்துவரவில்லை. அடர்ந்த நிறத்தவருக்கு ஒரு படி வெளுப்பான ஷேடை எடுத்துக் கொடுக்கும் கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை. தோலின் நிறத்தை விட வெளுப்பாகப் பூசினால் முகம் வெளுக்காது, சாம்பலாகத்தான் ஆகும்.

முதல் காரணம் வெள்ளை நிறமி. ஃபவுண்டேஷனில் டைட்டானியம் டை ஆக்சைடு கூடினால், அடர்ந்த தோலின் மேல் அது மெல்லிய நீலச் சாம்பல் படலமாகத் தெரியும். இரண்டாவது அடிச்சாயல். உங்கள் தோலின் அடியில் பொன்னிறமோ செம்மையோ ஓடும்போது, இளஞ்சிவப்புச் சாயல் உள்ள ஷேடு அதோடு சேராமல் தனியாக மிதக்கும். மூன்றாவதை யாரும் சந்தேகிப்பதில்லை: அடியில் போட்ட சன்ஸ்க்ரீன். துத்தநாக ஆக்சைடு கலந்தவை வெள்ளைப் படலம் விடும், அதன் மேல் எந்தச் சரியான ஷேடும் சாம்பலாகும். நிறம் சேர்த்த சன்ஸ்க்ரீனோ, படலம் விடாத வகையோ வாங்குங்கள். நிறம் சேர்த்தவற்றில் உள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்தும் ஓரளவு காக்கும்; மங்கு இருப்பவர்களுக்கு அது கூடுதல் பலன்.

ஷேடைப் புறங்கையிலோ மணிக்கட்டிலோ பார்க்காதீர்கள், அங்கே நிறமே வேறு. தாடையின் ஓரத்திலிருந்து கழுத்துக்கு இறங்கும்படி மூன்று ஷேடுகளில் மூன்று கோடு போடுங்கள். 10 முதல் 15 நிமிடம் பொறுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு கண்ணுக்குத் தட்டுப்படவில்லையோ அதுதான் உங்களுடையது. பொறுக்கச் சொல்வதற்குக் காரணம், பூசியவுடன் தெரியும் நிறமும், அதிலுள்ள ஆவியாகும் திரவம் போய் தோலின் எண்ணெயோடு கலந்த பிறகு தெரியும் நிறமும் ஒன்றல்ல. பல ஃபவுண்டேஷன்கள் சற்று அடர்ந்துவிடும்.

வாங்கியதை வீணாக்க வேண்டாம். இரண்டு படி அடர்ந்த ஷேடு ஒன்றைச் சிறிய அளவில் வாங்கி, துளித் துளியாகக் கலந்து சரிசெய்யலாம். வெள்ளைக் காம்பாக்டை மட்டும் கைவிட்டுவிடுங்கள். உங்கள் நிறத்துக்குப் பொருந்தும் பவுடரோ, பூசியபின் நிறமே தெரியாத மெல்லிய பவுடரோ போதும்.

கேள்வி: என் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். எதற்குப் பொருத்துவது?

பதில்: கழுத்துக்கு. பலருக்கும் நெற்றியும் வாயைச் சுற்றியும் அடர்ந்து, கன்னத்தின் நடு வெளுத்திருக்கும். தாடையும் கழுத்தும் சேரும் இடத்து நிறத்தை எடுத்துக்கொண்டால் இரண்டும் இணங்கிவிடும். கழுத்து முழுக்க ஃபவுண்டேஷன் பூசுவது உடையின் கழுத்துப் பட்டையில் கறையாகத்தான் முடியும்.

கேள்வி: சன்ஸ்க்ரீன் மேல் ஃபவுண்டேஷன் தடவினால் அழுக்குத் திரள்வது போல உருண்டு உருண்டு வருகிறது. எந்த பிராண்டு மாற்றியும் தீரவில்லை.

பதில்: பிராண்டு மாற்றித் தீராது. அடுக்குகள் ஒன்றோடொன்று பிடிக்காததால் வருவது இது. சீரம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிரைமர் என்று நான்கு அடுக்கு போட்டு, ஒன்று படியும் முன் அடுத்ததைத் தேய்த்தால் மேல் படலம் கழன்று சுருளும். கீழே நீர் சார்ந்த ஜெல், மேலே சிலிகோன் அதிகமுள்ள க்ரீம் என்றாலும் இதே கதிதான். மேலுறையில் உள்ள பொருட்பட்டியலில் முன்வரிசையில் டைமெத்திகோன் இருந்தால் அது சிலிகோன் வகை.

ஒரு வாரம் பிரைமரையும் சீரத்தையும் நிறுத்துங்கள். சீரத்தை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். சன்ஸ்க்ரீனுக்குப் பிறகு 10 நிமிடம் விடுங்கள். விரலால் தேய்க்காமல் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். சன்ஸ்க்ரீன் அளவைக் குறைத்தால் உருளுவது நிற்கும்தான், ஆனால் பாதுகாப்பும் போய்விடும். அந்த வழிக்குப் போகாதீர்கள். அவசரத்துக்கு சன்ஸ்க்ரீனையும் ஃபவுண்டேஷனையும் உள்ளங்கையில் கலந்து பூசுவதும் கூடாது. சன்ஸ்க்ரீன் சீரான படலமாக நின்றால்தான் வேலை செய்யும்.

கேள்வி: ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் 30 (வெயில் பாதுகாப்பு எண்) என்று போட்டிருக்கிறதே, தனியாக சன்ஸ்க்ரீன் எதற்கு?

பதில்: அந்த எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தபோது கிடைத்தது. முகம் முழுக்க அந்தக் கணக்கில் பூச ஒரு கிராமுக்கு மேல் வேண்டும். பட்டாணி அளவு ஃபவுண்டேஷன் அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே தனி சன்ஸ்க்ரீன் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: கண்ணுக்குக் கீழே கருவளையம். கன்சீலர் போட்டால் சாம்பல் நிறமாகிறது. ஒரு மணி நேரத்தில் கோடு கோடாக வெடிக்கிறது.

பதில்: முதலில் அது நிறமா, நிழலா என்று பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியை நேரே பிடித்து, மெல்ல முகத்தை மேலே தூக்குங்கள். கறுப்பு மறைந்தால் அது கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தின் நிழல். அப்படியே நின்றால் தோலின் நிறம், அல்லது அடியில் உள்ள இரத்தக் குழாய்களின் சாயல். நிழலை எந்த கன்சீலராலும் அழிக்க முடியாது. அடுக்கடுக்காகப் பூசினால் பள்ளம் இன்னும் தூக்கலாகத் தெரியும். மெல்லிய ஒரு தொடுதலோடு நிறுத்திக்கொள்வதே அழகு.

நிறம் என்றால் வெளுப்பான கன்சீலரை நேரடியாகப் போடாதீர்கள். நீலக் கறுப்பின் மேல் வெளுப்பு விழுந்தால் சாம்பல்தான் பிறக்கும். நீலத்துக்கு எதிர் நிறம் ஆரஞ்சு. வெளுத்த தோலுக்கு பீச் நிறக் கரெக்டர், மாநிறத்துக்கு ஆரஞ்சு கலந்த பீச், அடர்ந்த நிறத்துக்கு நல்ல ஆரஞ்சு. அதுவும் கறுத்த இடத்தில் மட்டும், மிக மெல்லியதாக. அதன் மேல் உங்கள் தோலின் நிறத்திலேயே, அல்லது அரைப் படி வெளுப்பாக, அரிசி மணி அளவு கன்சீலர்.

கோடு விழுவதற்குக் காரணம், கண்ணைச் சுற்றியுள்ள தோல் மிக மெல்லியது, ஓயாமல் அசைவது. பொருள் கூடினால் மடிப்புக்குள் ஒதுங்கிவிடும். அடியில் கொழகொழவென்று ஐ க்ரீம் இருந்தால் இன்னும் வேகமாக வழுக்கும். கன்சீலருக்கு முன் ஒரு டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். கீழிமை முடியின் ஓரத்திலிருந்து 2, 3 மில்லிமீட்டர் விட்டுத் தொடங்குங்கள். மூக்கை ஒட்டிய உள்மூலையில் ஒரு புள்ளி, வெளிமூலையில் ஒரு புள்ளி வைத்து மோதிர விரலால் தட்டினாலே நடுப்பகுதிக்குப் பரவிவிடும். ஒரு நிமிடம் பொறுங்கள். மேலே பார்த்தபடி மடிப்பில் சேர்ந்ததை விரலால் தட்டி எடுத்துவிட்டு, அந்தக் கணமே சிறு பிரஷில் துளி பவுடரை அழுத்துங்கள். மடிப்பு விழுந்த பிறகு பவுடர் போட்டால் மடிப்பே நிலைத்துவிடும்.

கேள்வி: மதியத்துக்குள் கண் மை கீழே இறங்கிவிடுகிறது. ஸ்மட்ஜ் ப்ரூஃப் என்று எழுதியிருந்தும் அப்படித்தான்.

பதில்: கீழிமையின் உள்விளிம்பு எப்போதும் ஈரமாக இருக்கும் இடம். அங்கே எந்த மையும் நாள் முழுக்க நிற்காது. போதாக்குறைக்கு, கண்ணுக்குக் கீழே உள்ள க்ரீமின் எண்ணெய் மையைக் கரைத்து இழுத்துக்கொண்டு இறங்கும்.

நீங்கள் விரும்பும் அடக்கமான தோற்றத்துக்கு மேலிமைதான் சரியான இடம். இமையை டிஷ்யூவால் ஒற்றி எண்ணெய் நீக்குங்கள். முடிகள் முளைக்கும் வேர்களுக்கு இடையில் புள்ளிப் புள்ளியாக மை வைத்து, சிறு பிரஷால் அரை நிமிடத்துக்குள் தேயுங்கள்; தாமதித்தால் உறைந்துவிடும். அதே நிறத்து ஐ ஷேடோ பவுடரை அதன் மேல் தொட்டுவிட்டால் அசையாது. கோடு தெரியாது, முடி அடர்த்தியாக இருப்பது போலத் தோன்றும். கீழே வேண்டுமென்றால் வெளிமூலையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும், அடர் பழுப்பில். கறுப்பை விடப் பழுப்பு கசிந்தாலும் அழுக்காகத் தெரியாது.

பொருட்பட்டியல் இல்லாத சுர்மா, அஞ்சனம் போன்றவற்றைக் கண்ணுக்கு எடுக்காதீர்கள். அவற்றில் சில, காரீயச் சல்ஃபைடு கனிமத்தைப் பொடித்துச் செய்தவை. காரீயம் உடலில் சேரும் நஞ்சு, குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. மையையும் மஸ்காராவையும் அக்கா தங்கைக்குள் கூடப் பகிர வேண்டாம். திறந்த மஸ்காராவை 3 மாதத்தில் மாற்றிவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் லென்ஸைப் போட்ட பிறகு ஒப்பனை, லென்ஸைக் கழற்றிய பிறகு ஒப்பனை நீக்கம். உள்விளிம்பில் மை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: உதட்டின் ஓரம் கறுப்பு, நடுவில் சிவப்பு. நியூட் லிப்ஸ்டிக் போட்டால் நோயாளி மாதிரி இருக்கிறேன்.

பதில்: நியூட் என்றால் உதட்டின் இயல்பான நிறம்; ஆனால் டப்பாவில் நியூட் என்று எழுதியிருப்பது யாரோ ஒருவருடைய நியூட். உங்கள் உதட்டின் நிறத்தைவிட ஒரு படி அடர்ந்ததுதான் உங்களுக்கு இயல்பாக இருக்கும். கறுத்த ஓரம் உள்ள உதட்டுக்குச் செங்கல் சிவப்பு, ரோஜாப் பழுப்பு, நாவல் சாயல் ஆகியவை நன்றாக அமரும். வெளுத்த இளஞ்சிவப்பு சுண்ணாம்பு போல நிற்கும்.

ஓரத்தை அழிக்க முயலாமல் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஓரத்துக் கறுப்பை ஒத்த பழுப்பு லிப் லைனரால் உட்பக்கமாகச் சிறிது தீற்றி, நடுவில் லிப்ஸ்டிக்கை விரலால் ஒற்றினால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். காலையில் பூசிய லிப் பாமை அதற்கு முன் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நிறம் வழுக்கும். உதட்டைச் சர்க்கரையால் தேய்ப்பதும் ஓயாமல் நக்குவதும் கறுப்பைக் கூட்டும்.

கேள்வி: லிப்ஸ்டிக்கையே கன்னத்திலும் தடவலாமா?

பதில்: க்ரீம் வகை என்றால் தடவலாம். நேராகக் கன்னத்தில் வைக்காமல் விரலில் எடுத்துத் தட்டுங்கள். பளபளப்பில்லாத மேட் திரவ லிப்ஸ்டிக் சில நொடிகளில் உறைந்து திட்டாகும், அது வேண்டாம். முகப்பரு வரும் தோலில் அடிக்கடி செய்யாதீர்கள். கண்ணிமைக்கு லிப்ஸ்டிக் கூடாது; உதட்டுக்கு அனுமதித்த எல்லா நிறமிகளும் கண்ணருகே பயன்படுத்த அனுமதிக்கப்பட்டவை அல்ல.

கேள்வி: எனக்கு 56 வயது. பவுடர் போட்டால் சுருக்கம் எல்லாம் எண்ணிப் பார்க்கலாம் போலத் தெரிகிறது.

பதில்: பவுடரை மூக்கின் ஓரத்தோடு நிறுத்துங்கள். தோல் வறளும்போது பவுடர் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சி, கோடுகளில் தங்கும். உங்களுக்கு மாய்ஸ்சரைசரே பாதி ஒப்பனை. அதைப் பூசி 5 நிமிடம் விட்டு, ஃபவுண்டேஷனைப் பாதியாகக் குறைத்து, சிரிக்கும்போது மடியும் இடங்களைத் தவிர்த்துப் பூசுங்கள். பிளஷை இளம்வயதில் வைத்த இடத்தைவிட ஒரு விரல் மேலே வையுங்கள். வயதாக ஆக முகத்தில் வெளுப்புக்கும் கறுப்புக்கும் இடையிலான வேறுபாடு மங்குவதால், பூச்சைக் கூட்டுவதைவிடப் புருவத்தையும் இமை வேரையும் உதட்டு நிறத்தையும் லேசாகத் தெளிவாக்குவதே முகத்தை எடுத்துக்காட்டும். ஜிகினா மினுக்கல் உள்ள ஐ ஷேடோ இமைச் சுருக்கத்தைத் தூக்கிக் காட்டும். மேட் அல்லது பட்டு போன்ற மெல்லிய பளபளப்பு போதும்.

கேள்வி: பருவை மூடினால் மலை மாதிரி தெரிகிறது.

பதில்: நிறத்தை மறைக்கலாம், மேட்டை மறைக்க முடியாது. மெல்லிய முனைப் பிரஷால், தோலின் நிறத்திலேயே உள்ள கெட்டியான கன்சீலரைப் பருவின் மேல் மட்டும் வையுங்கள். ஒரு நிமிடம் காயவிட்டு, ஓரங்களை மட்டும் விரலால் தட்டுங்கள், நடுவைத் தொடாதீர்கள். மேலே துளி பவுடர். வெளுப்பான கன்சீலர் போட்டால் விளக்குப் போட்டுக் காட்டியது போலாகும். உடைந்த பருவின் மேல் எதுவும் வேண்டாம்.

கேள்வி: மூக்குக்கண்ணாடி போடுகிறேன். மூக்கில் இரண்டு தடம் விழுகிறது.

பதில்: கண்ணாடியின் பட்டைகள் உட்காரும் இடத்தில் ஃபவுண்டேஷனே போடாமல் விடுங்கள், கண்ணாடி அதை மறைத்துக்கொள்ளும். கிட்டப்பார்வைக் கண்ணாடி கண்ணைச் சிறிதாகக் காட்டும் என்பதால் இமை வேரில் சற்றுக் கூடுதல் மை நல்லது. தூரப்பார்வைக் கண்ணாடி பெரிதாக்கிக் காட்டும். மஸ்காராத் திரள்கூட அப்படியே தெரியும், சீவிவிடுங்கள்.

கேள்வி: இரவில் ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவினாலும் காலையில் தலையணையில் மை. பிரஷ்களை எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும்?

பதில்: எண்ணெயில் கரைவதை வெறும் நுரை முழுதாக எடுக்காது. உலர்ந்த கையால், உலர்ந்த முகத்தில் கிளென்சிங் ஆயிலோ பாமோ தடவி ஒரு நிமிடம் மெல்லத் தேயுங்கள். பிறகு கையை நனைத்துத் தேய்த்தால் பால் போல வெளுக்கும். அப்போதுதான் கழுவ வேண்டும். முதலிலேயே நீர் பட்டால் எண்ணெய் மையைப் பிடிக்காது. அடுத்து மென்மையான ஃபேஸ் வாஷ் ஒரு முறை. கண்ணுக்கு, ரிமூவர் நனைத்த பஞ்சை 20 நொடி மூடிய இமை மேல் வைத்திருந்து கீழ்நோக்கி வழித்தெடுங்கள். தேய்த்தால் முடி கொட்டும்.

ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். ஈரமாகவே பைக்குள் போட்டால் பூஞ்சை பிடிக்கும். உள்ளே கரும்புள்ளி தெரிந்தால் தூக்கி எறியுங்கள். க்ரீம் தொடும் பிரஷ்களை வாரம் ஒரு முறை, பவுடர் பிரஷ்களை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, துளி ஷாம்பு விட்ட வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். முடிப்பகுதி மட்டும் நனையட்டும்; உலோகப் பூணுக்குள் நீர் இறங்கினால் பசை விட்டு முடி உதிரும். பிழிந்து, மேசை ஓரத்தில் முடி வெளியே நீட்டியிருக்கும்படி படுக்க வைத்து உலர்த்துங்கள். நிமிர்த்தி நிறுத்தினால் நீர் நேராகப் பூணுக்குள்தான் இறங்கும்.